ஐநூத்திப் பதினேழு யாருங்க?

கிரெய்க்டேல் எஸ்டேட்,
எமரால்டு, நீலகிரி.
5 ஜூன் 2001

மதிப்பிற்குரிய ஜெஸிந்தா அக்கா அவர்களுக்கு,

தரணிதரன் எழுதுவது. உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் நன்றி. இரண்டு தடவை பெங்களூருக்குப் போன் போட்டேன். "அக்கா, நான் தரணி" என்றதும் லைன் செத்துவிட்டது. தொலைபேசித் துறையைக் குறை சொல்லலாம்தான். ஆனால் இரண்டு தடவையும் அதே வார்த்தையிலா சாகும்?

இங்கே நிலைமை நீங்கள் போனபோது இருந்ததைவிட மோசம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கிற காசுக்கு ஒரு கிலோ பச்சைத் தேயிலையே வாங்கலாம், மிச்சத்தில் பன்னும் சாப்பிடலாம். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. எமரால்டு பக்கம் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடுகிறார்கள். குன்னூர் தலைமை ஆபீஸ் கிரெய்க்டேலில் இன்னும் ஒரு ஸ்டாஃபைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. யாரை என்று மாதக் கடைசிக்குள் மேனேஜர் லெஸ்லி சார் பெயர் கொடுக்க வேண்டும். அதனால் ஆபீசில் இப்போது எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் நீங்கள் பார்த்துக்கொண்ட யூனிக்ஸ் மெஷின் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. டிஸ்க் போடுகிற சத்தம் மழையில் ஓடு உடைவது மாதிரி கேட்கிறது. புது யூனிக்ஸ் வாங்கக் காசில்லை. லினக்ஸுக்குக் காசே வேண்டாம், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலேயே இருக்கிறது. ஒரு சாதாரண பிசியில் அதைப் போட்டு, எல்லோருடைய லாகின் கணக்கையும் கோப்பையும் அதற்கு மாற்றும் வேலை என் தலையில்.

பழைய மெஷினில் ஆளுக்கு ஒரு பெயரும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண்களில் ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. ஆபீஸ் கிளார்க் அழகர்சாமிக்கு 88, டீ மேக்கர் தேவநேசனுக்கு 517, லெஸ்லி சாருக்கு 1003, எனக்கு 142. பேய் குலுக்கிப் போட்ட சீட்டு மாதிரி இருக்கிறது. புது மெஷின் தானாகவே 500-லிருந்து வரிசையாகக் கொடுக்கும். ஏ, பி, சி வரிசையில் எல்லோரையும் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?

விலகிப்போனவர்களின் கணக்கை எடுத்துவிடச் சார் சொன்னார். உங்களுடையதும் அதில் சேர்த்தி. என் வாயால் சொல்வதே நல்லது என்று பட்டது.

அன்புடன்,
தரணிதரன்


பெங்களூர்
11 ஜூன் 2001

திரு. தரணிதரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

எண்களைத் தொட வேண்டாம். காரணம் கேட்கும் உரிமை, நாம் அந்த அறையில் சேர்ந்து உட்கார்ந்திருந்த ஐந்து வருடமும் உங்களுக்கு இருந்தது. அப்போது கேட்கவில்லை.

மார்ச் மாதம் லெஸ்லி சார் எல்லோருடைய பாஸ்வேர்டையும் எழுதிக் கேட்டபோது, "அது எனக்கே தெரியாது, தெரியவும் கூடாது" என்றேன். "நீ என்ன சொல்றே தரணி?" என்று அவர் திரும்பினார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். தரையில் பார்க்க என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் என் வேலை போயிற்று, உங்கள் வேலை இருந்தது. வாழ்த்துகள்.

இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். அம்மாவும் கூட இருக்கிறார். சௌகரியம்.

ஜெஸிந்தா


எமரால்டு
19 ஜூன் 2001, செவ்வாய்

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையே நான் மாற்றி முடித்துவிட்டேன். இதைக் கூரியரில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். கோபத்தை அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் படுங்கள், காத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பழைய மெஷினிலிருந்த கோப்புகளை டேப்பில் எடுத்துப் புதியதில் இறக்கினேன். ஏ, பி, சி வரிசையில் கணக்குகளைத் திறந்தேன். எல்லாம் அழகாக வந்தது. லெஸ்லி சார் வந்து பார்த்து, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டு அன்றே குன்னூருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

திங்கள் காலை ஆபீசுக்குள் வந்தால் ஒரே கூச்சல். அழகர்சாமி அண்ணனின் ஆஸ்பத்திரி பில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. ஸ்டோர் கணக்கு வேறு யாருக்கோ வருகிறது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த டேப்பில் கோப்போடு ஆளின் பெயர் போவதில்லை, எண் மட்டும்தான் போகிறது. பழைய மெஷினில் 517 என்றால் ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீ மேக்கர் தேவநேசன். புதியதில் ஏ, பி, சி வரிசையில் 517 விழுந்தது லெஸ்லி சாருக்கு. தேவநேசனுடைய காகிதம் முழுவதும் இப்போது சாருடைய சொத்து.

நீங்கள் ஆசையாகச் செய்து வைத்த மெனு வேறு இருக்கிறதே, ஆங்கில எழுத்தில் 'EN KAGIDHAM' என்று போட்டு, அழுத்தினால் அந்த ஆளின் கோப்பு எங்கே கிடந்தாலும் தேடிக்கொண்டு வருமே, அதைச் சார் அழுத்தினார். 'kenya1' என்று ஒன்று வந்தது. திறந்தார். கென்யாவில் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு டீ மேக்கர் வேலை கேட்டு விண்ணப்பம். நல்லவேளை, பெயரும் விலாசமும் கையால் எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்.

சார் என்னைக் கூப்பிட்டார். "மூணு டீ மேக்கர் இருக்கான். இதுல எவன்? போறதுக்கு ரெடியா இருக்கறவனையே அனுப்பிட்டா எனக்கும் பாவம் இல்லை. கம்ப்யூட்டர்ல ஓனர் பேர் இருக்கும்ல? வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிண்ட் வேணும், அப்படியே குன்னூருக்கு ஃபேக்ஸ் பண்ணிடறேன்" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு பெயர் கிடைக்காமல் அவரும் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தேவநேசன் அண்ணனிடம் சொன்னேன். ஃபேக்டரியில் வாடப் போட்டிருந்த இலையைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். "அது போன வருசமே எழுதுனது தம்பி. அனுப்பவே இல்ல. ரெண்டு புள்ளையும் ஊட்டியில படிக்குதுங்க. இந்த மாசம் என்னை எடுத்துட்டா எங்க போவேன்?" என்றார். இலையைத் திரும்பப் பரப்பி வைத்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். என்ன செய்வது? அந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்?

தரணி


பெங்களூர்
20 ஜூன் 2001

தரணி,

இந்தக் கடிதத்தை ஊட்டி பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள் என்று மட்டும் போனில் சொல்கிறேன். மிச்சத்தையும் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் எஸ்டேட் டெலிபோன் போர்டில் அம்புரோஸ் காதைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிற ஆள் இல்லை.

முதலில் எண். நீ கோயமுத்தூர்க்காரன், அதனால் உனக்குத் தோன்றியிருக்காது. கிரெய்க்டேலில் பிறந்தவர்களுக்குக் கேட்காமலே தெரிந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் செக்ரோல் நம்பர், எஸ்டேட் ஆள் பதிவேட்டில் இருக்கிற எண். காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது கூப்பிடுவார்களே, அது. எங்கள் எஸ்டேட்டில் அந்த நம்பர் ஆளோடு சாவதில்லை. ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு வரும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 517 தேவநேசனின் அப்பா ரோலர் மெஷினில் நின்ற காலத்து நம்பர். தேவநேசன் படித்து டீ மேக்கர் ஆன பிறகும் அதை விடவில்லை. இங்கே பிறந்த நாள் மறந்தவர்கள் உண்டு, நம்பர் மறந்தவர்கள் கிடையாது. மெஷினுக்கு எப்படியும் ஓர் எண் வேண்டும். அவர்களுக்குச் சொந்தமானதையே கொடுத்தேன். அப்பாவின் நம்பரோடு அப்பாவின் காகிதமும் பிள்ளைக்குத் தானாக வந்து சேரும். எந்த மெஷினுக்குக் கொண்டுபோனாலும் மாற வேண்டியதில்லை. லெஸ்லி சார் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. 517 என்ற எண் லெஸ்லி சாரின் கண்ணில் பட்டு, இது செக்ரோல் நம்பர் என்று யாராவது சொல்லிவிட்டால், செக்ரோலைத் திறந்து பெயரைப் படிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். எண்ணைக் காட்டாதே. அதற்கு மேல் வெள்ளிக்கிழமை என்ன சொல்வது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேவநேசனுக்கு ஞானஸ்நானத்தில் என் அம்மாதான் ஞானத்தாய், அந்த வகையில் எனக்குத் தம்பி முறை. ஜெபம் செய்கிறேன், அவ்வளவுதான் இங்கிருந்து முடியும்.

பாஸ்வேர்டு பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து அதில்தான் விழப்போகிறாய். ஒருவரிடமும் கேட்காதே, புதியதும் போடாதே. பழைய மெஷினில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, குழப்பி அரைத்த எழுத்தாக ஒரு துண்டு இருக்கும். அதை அப்படியே புதியதில் ஒட்டு. லினக்ஸுக்கும் அந்த அரைப்பு புரியும். அவரவர் பழைய சொல்லாலேயே உள்ளே வருவார்கள், அது என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியாமலே.

கணக்குகளை அழித்துவிட்டு, பழைய எண்ணை நீயே கையால் கொடுத்து மறுபடி திற. கோப்புகள் தங்கள் எஜமானைத் தாங்களே கண்டுபிடிக்கும். காணாமல் போனதைத் தேடித் தர அந்தோணியார் இருக்கிறார், ஆனால் அவருக்கும் டேப் வேண்டும். டேப்பைப் பத்திரமாக வை.

இதையெல்லாம் போன கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். உன்மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லை. அது தேவநேசன் தலையில் விழுந்துவிட்டது.

இன்னொன்று. 142 செக்ரோலில் யார் என்று நீ தேடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த உனக்கும் ஆயிரத்துக்கு மேல்தான் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அப்பாவின் 141 வந்தது. அம்மா இலை பறித்த காலத்து 142-ஐ வாங்கிக்கொள்ள எங்கள் வீட்டில் வேறு பிள்ளை இல்லை. நீ வேலைக்கு வந்த முதல் வாரம், எனக்குக் காய்ச்சல் என்று உன் வீட்டு ரசத்தைத் தூக்குப் போசியில் கொண்டுவந்தாய். அம்மாதான், "என் நம்பரை அந்தப் பையனுக்குக் கொடு" என்றார். கொடுத்தது கொடுத்ததுதான். சண்டை வேறு.

ஜெஸிந்தா


எமரால்டு
25 ஜூன் 2001

அக்கா,

வெள்ளிக்கிழமை காலை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். எமரால்டு பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். கடைசிப் பத்தியைப் படித்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் கேரட் மூட்டையோடு இருந்தவர், "ஏனுங்க தம்பி, வாந்தி வருதுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

இத்தனை நாள் நான் உட்கார்ந்து திட்டிய எண்கள் அவை. நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் ஆளுக்குச் சொந்தமான எண்ணை ஆளுக்கே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. நான் ஒரு பட்டியலைத்தான் பார்த்தேன். நீங்கள் ஓர் எஸ்டேட்டையே அதற்குள் குடிவைத்திருக்கிறீர்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக் கதை. பஸ்ஸிலேயே ஒன்று தோன்றியது. பொய் சொல்லச் சொன்னால் எனக்கு வியர்க்கும், உங்களுக்குத் தெரியும். ஆனால் இதில் பொய்யே தேவையில்லை. சார் கேட்டது புது மெஷினில் ஓனர் யார் என்று. அதற்கு மெஷின் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது.

அழகர்சாமி அண்ணன் இருக்கும்போதே உள்ளே போனேன். "பிரிண்ட் வந்துருச்சுங்க சார்" என்று நீட்டினேன். எண் இல்லை, பெயர் மட்டும். 'kenya1, owner: leslie.'

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றிவிட்டுப் படித்தார்.

"இது என் பேரு."

"ஆமாங்க சார். மெஷின் அப்படித்தான் சொல்லுதுங்க. குன்னூருக்கு ஃபேக்ஸ் போட்டறலாங்களா?"

"மெஷின் தப்பா சொல்லுது."

"அப்ப மாத்துன வேலை தப்புங்க சார். தப்பு என்னுதுதான், நானே எழுதிக் குடுக்கறேனுங்க. ஆனா வேலை முடிஞ்சுது, சரியா இருக்குன்னு நீங்க ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்களே, அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

அழகர்சாமி அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

"பழைய மெஷின்ல யார் பேர்ல இருந்துச்சு?" என்றார் சார், மெதுவாக.

நான் தரையைப் பார்க்கவில்லை, அக்கா. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "எனக்குத் தெரியுங்க சார். ஆனா சொல்ல மாட்டேனுங்க. அது அவரோட காகிதம். என் தப்பால உங்க கண்ணுல பட்டுதே தவிர, அவரு உங்களுக்குக் காட்டலீங்க."

வெளியே மழை. சார் பிரிண்டை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை சரி பண்ணிடு. போ" என்றார். சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று சரி செய்துவிட்டேன். எண்ணை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தேன். 88, அழகர்சாமி. 517, தேவநேசன். அடிக்க அடிக்க, பெரட்டில் நின்று ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பாஸ்வேர்டுகளையும் நீங்கள் சொன்னபடியே ஒட்டினேன். இன்று காலை எல்லோரும் எதுவுமே நடக்காதது போல உள்ளே போனார்கள். மாற்றினேன் என்பதே தெரியவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு இந்த வேலைக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அது எனக்கு உரியதல்ல, உங்களுக்கு.

141-ஐ எடுக்கவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுக்க முடியாதபடி.

இத்துடன் வரும் பொட்டலம் தேவநேசன் அண்ணன் கொடுத்தது. சனிக்கிழமை அவரே நின்று எடுத்த தூள். இந்த விலைக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "விலை குறைஞ்சா இலைக்குத் தெரியுமா தம்பி?" என்றார். அம்மாவுக்குக் கொடுங்கள்.

தரணி


பெங்களூர்
2 ஜூலை 2001

தம்பி தரணி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'owner: leslie' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பில் வாசிக்க முடியவில்லை. அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் என்னைவிட அதிகம் சிரித்தார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது அது அல்ல. தந்திரத்தோடு நீ நிறுத்தியிருக்கலாம். அதன்பிறகும் "தெரியும், சொல்ல மாட்டேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே, அந்த வரியைத்தான் படித்தேன். மார்ச் மாதம் நான் சொன்னது, "தெரியாது" என்று. தெரியாததைச் சொல்லாமல் இருப்பதில் என்ன பெருமை? தெரிந்துகொண்டே நின்றாய் நீ. என்னால் அது முடிந்திருக்குமா என்று தெரியவில்லை. நீ என்னிடம் வேலை கற்றவன் என்று இனி நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன்.

தூள் வந்தது. இந்த ஊர் தண்ணீரிலும் அந்த நிறம் வருகிறது. தேவநேசன் கெட்டிக்காரன்.

மாதக் கடைசியில் யார் பெயர் போயிற்று என்று நீ எழுதவில்லை. எழுது.

அக்கா ஜெஸிந்தா


கோயமுத்தூர்
30 ஜூலை 2001

அன்புள்ள அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். போனது என் பெயர்.

லெஸ்லி சார் தானே கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு ஒரு பேர் வேணும் தரணி. நீ இன்னொரு பேர் குடுக்கல" என்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார். மெஷினைப் பார்த்துக்கொள்ள அழகர்சாமி அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எண் விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "அது எனக்கு மொதல்லயே தெரியுமே, நீ கேக்கவேயில்லையே" என்றார். நீங்கள் சொன்ன அதே வசனம்.

கிளம்பும் நாள் தேவநேசன் அண்ணன் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தார். என் பையைத் தானே தூக்கிக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியும் கொடுக்க மறந்து, கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தார்.

ஒரே ஒரு குறை. எஸ்டேட் முறைப்படி நம்பரை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். என் இடத்துக்கு ஆள் போடவில்லை. 142-ஐயும் 141-க்குப் பக்கத்தில் பூட்டி வைத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்களோ தெரியவில்லை. அவருடைய நம்பரைக் காப்பாற்ற முடியவில்லை.

இங்கே வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். வேலை தேடுகிறேன்.

தம்பி,
தரணி


பெங்களூர்
3 ஆகஸ்ட் 2001

தம்பி,

அம்மாவிடம் சொன்னேன். "என் நம்பர்க்காரன் சாப்பிடுறானா, அதைக் கேளு முதல்ல" என்றார். கேட்டுவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய சர்வரை லினக்ஸுக்கு மாற்றப் போகிறார்கள். டாக்டர், நர்ஸ், மருந்துக் கடை என்று நம் கிரெய்க்டேலைப் போலப் பத்து மடங்கு கணக்குகள். இதற்கு முன் இப்படி மாற்றியவர் வேண்டும் என்றார்கள். மாற்றும்போது தப்புச் செய்து, அதைத் தானே ஒப்புக்கொண்டு, ஆளைக் காட்டிக் கொடுக்காமல் திருத்தியவர் ஒருவரைத் தெரியும் என்றேன். பெரிய டாக்டர், "அப்படிப்பட்டவர்தான் வேண்டும், நோயாளிகளின் காகிதமாயிற்றே" என்றார். 13-ஆம் தேதி திங்கட்கிழமை வந்து சேர். தங்குவதற்கு இடம் பார்த்தாயிற்று. தூக்குப் போசியில் ரசம் கொண்டுவர வேண்டியதில்லை, இங்கே அம்மா வைப்பார்.

புது மெஷினில் உன் கணக்கை நேற்றே திறந்துவிட்டேன். பெயர் தரணி. எண் 142.

பாஸ்வேர்டை நீ வந்து போட்டுக்கொள். என்னவென்று என்னிடம் சொல்லாதே.

அக்கா